சந்தனத்தைச் சுரண்டிவிட்டார்கள், அண்ணே

என் உயிருக்கு உயிரான அண்ணே,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மனசுக்குள் உங்களோடு பேசாத நாள் கிடையாது. ஆனால் இந்த ஆத்திரம் பேசினால் அடங்காது போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியாததா?

ஈப்போ பழைய டவுனில் இருக்கும் பழம்பொருள் கூடத்துக்கு, நாலு பேர் பார்க்கட்டும் என்று நம் கிராமபோன் பெட்டியைக் கொடுத்தீர்களே, அதைப் பார்க்கப் போனேன். உங்களையே பார்க்கப் போவது போல நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி, பீங்கான் கோப்பை, வெள்ளைக்காரத் தொப்பி. முன்னால் ஒரு பலகை: 'ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் ஒலித்த கிராமபோன்.'

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கோப்பெங் பழைய இரும்புக் கடையில் அதை வாங்கும்போதே கடைக்காரர் பங்களா சாமான் என்றுதான் சொன்னார். நீங்கள் நம்பவில்லை. மூடியின் உள்மூலையில் காய்ந்து அப்பியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் காட்டி, "எந்தத் துரை ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சான்?" என்று சிரித்தீர்கள். நான் ஈரத்துணியோடு வந்ததும், "ஏய் ராசு, தொடாத! அதுதான் இதோட சூராட் பெரானாக்" என்று கத்தினீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் நாம் ரெண்டு பேரும் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறோம்! அந்த வார்த்தையின் கனம் நமக்குத் தெரியும்.

பிறகு பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தீர்கள். யார் வாங்கியது என்று கேட்க மாட்டீர்கள். "இதுக்கு யாரு சாவி குடுத்தது?" என்றுதான் கேட்பீர்கள். கடைசியில் செமோரில், ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த மாரியாயி அக்கா மூடியைத் திறந்து, தேடாமல் நேரே அந்த மூலையில் விரலை வைத்தார்.

"வெட்டுக் கத்திக்கெல்லாம் பொட்டு வச்சிட்டு மிச்சத்த இதுக்கு வப்பேன். இது எங்க லயத்துப் பெட்டி தம்பி. லயத்துல வரிசையா இருந்த எல்லா வீடும் சேந்து வாங்குனது. கல்யாணம் எந்த வீட்டுலயோ, பெட்டி அந்த வீட்டுல" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் சோறு சாப்பிடக்கூட மறந்துவிட்டீர்கள்.

கூடத்துப் பொறுப்பாளர் நம் தமிழ்ப் பிள்ளைதான். அதனால் தைரியமாகச் சொன்னேன், இது துரை பெட்டி இல்லை, லயத்துப் பெட்டி என்று.

"அக்கா, இந்த மாதிரி பெட்டியெல்லாம் துரைங்ககிட்டதான்லா இருந்திருக்கும். கூலிக்காரங்க எங்க வாங்கப் போறாங்க?"

"உங்க தாத்தா என்ன வேல பாத்தாரு தம்பி?"

"பால் மரம் வெட்டுனாருக்கா."

"அவருக்குக் காது கேக்காதோ?"

நான் விடவில்லை. "பெட்டியோட எங்கண்ணன் குடுத்த ரிக்கார்டு அத்தனையும் தமிழ்ப் பாட்டு. அதையெல்லாம் அலங்காரத்துக்குச் செவுத்துல மாட்டிட்டீங்க. அப்ப துரை இதுல என்ன கேட்டாரு?"

"சரிக்கா, ஆதாரம் இருந்தா காட்டுங்க."

மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். உள்ளே வார்னிஷ் பளபளவென்று மின்னியது.

"மஞ்சளும் செவப்புமா ஒரே அழுக்குக்கா. சுரண்டி எடுக்கவே பெரும் பாடு. இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இல்ல?"

அழுக்காம், அண்ணே! மாரியாயி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாட்சிக்கு நான் யாரைக் கூப்பிடுவேன்? தோட்டத்தில் கஷ்டப்பட்டோம், அடி வாங்கினோம் என்றால் உடனே நம்புகிறார்கள். பாட்டுக் கேட்டோம் என்றால் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள். அதையும் நம் பிள்ளையே கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். ஒரு சீனக் குடும்பம் பலகையைப் படித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த மலாயில், "இனி புக்கான் துவான் பூஞா, காமி ஓராங் பூஞா" என்றேன். துரையுடையது இல்லை, எங்கள் ஆட்களுடையது என்று. லயத்துக் கல்யாணங்களில் பாடிய பெட்டி என்றும் சொன்னேன். அவர்கள் நகரவில்லை. கல்யாணத்தில் என்ன பாட்டுப் போடுவீர்கள் என்று அந்த வீட்டு மருமகள் கேட்டாள். நான் பாடியே காட்டினேன்!

பொறுப்பாளர் ஓடி வந்தார். "அக்கா, இங்க நின்னு பாடக்கூடாதுலா."

"பலகைய மாத்து தம்பி, வாய மூடிக்கிறேன்."

மாற்றுகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் போவேன், அண்ணே. உள்ளே விடவில்லையென்றால் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இது யார் பெட்டி என்று சொல்லுவேன். உங்கள் மேல் ஆணை.

கூடப்பிறந்த கடனுக்கு இல்லை, ஆசைக்கு எழுதும்
உங்கள் தங்கச்சி ராசம்மா