ஈடித் சோல்பெர்க் போட்ட கையெழுத்து

டலூத்,
புதன்கிழமை

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

அலாஸ்கா குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கேயும் ஏரிக்காற்று தொடங்கிவிட்டது. என் முட்டிவலி அப்படியேதான்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்று உன் அப்பா ஓட்டுப் போட்டார்.

சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், கண்காணிப்புக் காலம் முடியாவிட்டாலும் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் மாறியதே, படித்திருப்பாய். "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை பார்த்தால், சவரம் செய்து, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறார்.

சர்ச் கூடத்து வாக்குச்சாவடியில் அப்பாவின் முறை வந்தபோதுதான் சிக்கல். முகவரியைக் காட்டிப் பட்டியலில் பெயரைச் சேர்த்த பிறகுதான் ஓட்டுப் போட முடியுமாம். முகவரி போட்ட அட்டை அவரிடம் இல்லை, லைசென்ஸைத்தான் பறித்துவிட்டார்களே. வீட்டு பில்லெல்லாம் என் பெயரில். இந்த வட்டாரத்து வாக்காளர் யாராவது, இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டால் போதும் என்றாள் மேஜையில் இருந்த பெண். நான் கனடாக்காரி, எனக்கே இங்கே ஓட்டு கிடையாது; என் கையெழுத்து செல்லாது. அப்பா யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "பரவால்ல நோரா, வா போலாம்" என்றார்.

அப்போது வரிசையின் பின்னாலிருந்து எதிர்வீட்டு ஈடித் சோல்பெர்க் வந்தாள். உன்னோடு படித்த டேலின் அம்மா. குடித்துவிட்டு அப்பா வண்டி ஓட்டிய அன்று நாம் எல்லோரும் இழந்த அதே டேல். அப்பா திரும்பி வந்தபின் அவள் எங்கள் பக்கம் திரும்பியதே இல்லை. இத்தனை பேர் முன்னால் என்ன சொல்லப்போகிறாளோ என்று அப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பேனாவக் குடும்மா. இந்த ஆளு எங்க இருக்கான்னு என்னவிட யாருக்குத் தெரியும்? தெனமும் கண்ணத் தொறந்தா அந்த வீட்டத்தானே பாக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணும் சொல்லாத ஆர்வோ. டேலுக்கு ஓட்டுப் போடற வயசே வரல. நீயாவது போடு. யோசிச்சுப் போடு" என்றாள். திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

அப்பா தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் இருந்தார். ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.

மன்னித்துவிட்டாளா, தெரியாது. இன்று காலையும் எங்களைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. ஆனால் ஒரு மனுஷிக்குள் இவ்வளவு பெரிய இடம் இருக்குமா என்று இன்னும் பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கிர்ஸ்டி, ஞாயிறுகளில் நீ போனில் என்னோடு மட்டும் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில்தான் நிற்பார், மூச்சுக்கூட விடாமல். இந்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டுப் போட்டீங்க என்று கேளேன். சொல்ல மாட்டார். நீ கேள், போதும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
நோரா