கிணற்றிலிருந்து உன் பெயரை எடுத்தேன்

நாம் இருவரும் செய்த பங்குக் கிணறு செயலியிலிருந்து இன்று காலை உன் பெயரை எடுத்தேன். கிணறே காணாமல் போய்விட்டது.

உன் பங்கை உன் மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. உன் பெயரில் டெலிட் கொடுத்தேன். நீ போனாய்; உன்னோடு கிணறு போனது; கிணற்றோடு மற்றப் பங்குக்காரர்களும் போனார்கள். அட சாமி, ஒருத்தன் போனால் ஊரையே கூட்டிக்கொண்டா போவான்?

உடனே உன் மனைவியின் போன். "அண்ணே, இன்னிக்கு நம்ம மொறை. மல்லாட்டைச் செடி வேர்க்கடலை புடிக்கிற நேரத்துல வாடிக்கினு நிக்குது. போன்ல மோட்டாரு போட்டா, அப்படி ஒரு கெணறே இல்லன்னு வருதுண்ணே!" பொழுது சாய்ந்தால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பின்னால் பங்குக்காரர்கள் கத்துவதும் கேட்டது.

திண்டிவனத்து மாடி அறையில், டீ ஆறிப்போக நாம் இதற்காகத்தானே சண்டை போட்டோம்? ஒரு கிணற்றில் பலருக்குப் பங்கு. ஒருவருக்கே பல கிணற்றில் பங்கு. முறைநாளை ஆளோடு வைத்தாலும் ஒட்டாது, கிணற்றோடு வைத்தாலும் ஒட்டாது. நடுவில் 'பங்கு' என்று தனியாக ஒன்று வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தினேன். "ஆளு இந்தாண்ட, கெணறு அந்தாண்ட. நடுவுல எதுக்குடா இன்னொண்ணு? பேஜாரு பண்ணாத, ஜல்தியா முடி" என்றாய். ஆளையும் கிணற்றையும் நேரே முடிச்சுப் போட்டாய். ஒன்றை அழித்தால் அதோடு கட்டியதெல்லாம் அழியட்டும் என்று ஒரு வரி வேறு எழுதினாய். குப்பை சேராதாம்!

எதிரே இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். போன மாதம்வரை இருந்தாயே. நெஞ்சு வலிக்கிறது என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவே இல்லை. இப்போது நான் யாரிடம் போய்க் கத்துவது, பாவி?

பேக்கப்பிலிருந்து எல்லாரையும் மீட்டேன். அந்த வரியைத் தூக்கினேன். ஆளுக்கும் கிணற்றுக்கும் நடுவில் பங்கைத் தனியே வைத்து, உன் பங்கை உன் மனைவி பெயருக்கு மாற்றும்போது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மதியம் சாப்பிடவும் இல்லை.

"தண்ணி வந்துடுச்சிண்ணே" என்றாள். மோட்டார் இரைச்சலுக்கு நடுவே, "அவரு பேரு அதுல இருக்குதாண்ணே?" என்று கேட்டாள். "இருக்குதும்மா" என்றேன்.

இருக்கிறது. எந்தக் கிணற்றோடும் ஒட்டாமல், தனியாக. இனி அதை அழித்தாலும் யாருடைய தண்ணீரும் நிற்காது. நிஜமாகவே நிற்காதா என்று ஒருமுறை அழித்துச் சோதிக்க வேண்டும். வேலை அதோடு முடிந்துவிடும். மனசு வரவில்லைடா.