‘ழ’வின் வால்

ஜூன் 3

பிரசவத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் வீட்டிலேயே கிடந்து, மீண்டும் பதிப்பகத்தில் சேர்ந்தபின் பக்கம் வடிவமைக்க என் பொறுப்பில் வந்த முதல் புத்தகம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைகளுக்கானது. படம் இன்னும் வைக்காத ஒரு பக்கத்தை நேற்று மகளிடம் காட்டினேன். ‘பழம்’ என்பதை "பமும்" என்றாள். அந்த எழுத்துருவில் ‘ழ’வுக்கு வால் குட்டை, ‘மு’ மாதிரிதான் தெரிகிறது.

இன்று எழுத்துருவைத் திறந்து வாலை இழுத்து வளைத்துவிட்டேன். எடிட்டர் அக்கா, "பரவாயில்லையே, பளிச்சுனு இருக்கு" என்றார். என்ன செய்தேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 6

பக்கங்களும் எழுத்துருவும் அச்சகத்துக்குப் போயாயிற்று.

ஜூன் 9

புத்தகத்துக்குப் படம் வரைந்த ஓவியர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறபோக்கில் கேட்டார்: "அந்த வாலு நீ இழுத்துவிட்டதாம்மா? ஃபான்ட் லைசென்ஸ்ல அதுக்கெல்லாம் விடுறாங்களா?"

உரிமத்தை இன்றுதான் முழுக்கப் படித்தேன். அச்சிடலாம். வடிவத்தை மாற்றக் கூடாது. மாற்றியதைப் பிறருக்குத் தரக் கூடாது. இரண்டையும் செய்திருக்கிறேன். காசு கொடுத்தது நாம்தானே என்று வாடகை வீட்டுச் சுவரை இடித்த கதை.

கணவர், "ஒரு வாலு. யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறா? நீயா போய்த் தலையக் குடுக்காத" என்கிறார். எழுத்துருவை வரைந்தவருக்குத் தன் எழுத்து தெரியாதா? வழக்கு என்று வந்தால்? மறுபடி வீட்டோடு இரு என்று அக்கா சொல்லிவிட்டால்? — இந்தக் கை ஏன்தான் சும்மா இருக்க மாட்டேங்குதோ.

ஜூன் 10

தூக்கமில்லை. மகள் உதைத்ததும் ஒரு காரணம்.

ஜூன் 11

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" உடனே அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார்.

"எந்த வாலு மேடம்?" என்றார் அச்சகக்காரர். "புரூஃப்ல பழைய எழுத்துதானே இருக்கு!"

மாற்றிய எழுத்துருவுக்கு வேறு பெயர் வைக்க மறந்திருக்கிறேன். அதே பெயரில் அவர்கள் கணினியில் அசல் இருந்ததால் அதுவே ஏறிக்கொண்டது. "வாயைத் தொறக்காமலே இருந்திருக்கலாம்மா நீ" என்று ஓவியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அனுப்பியதை அழிக்கச் சொன்னோம். எழுத்துருவை வரைந்தவரிடம் அனுமதி கேட்டு எழுதினேன்.

ஜூன் 17

அனுமதி இல்லை. மரியாதையாக, சுருக்கமாக. என் கணினியிலிருந்தும் அழித்தேன்.

அக்கா: "இனிமே எந்த ஃபான்ட் வாங்கினாலும் லைசென்ஸ நீதான் படிச்சுச் சொல்லணும். பயந்தவதான் ஒழுங்காப் படிப்பா." ஆக, வேலை இருக்கிறது.

ஜூலை 2

புத்தகம் வந்தது. குட்டை வாலோடுதான். மகள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கம் வந்ததும் அவள் விரலையே பார்த்தேன்.

"பழம்" என்றாள், தடுமாறாமல்.

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"பக்கத்துலயே படம் போட்டிருக்கேம்மா."