இவருக்குப் பதில் இவர்

டிசம்பர் 8 · 09:10 · நிலையம்: பவளமல்லி-2

ஆன்டெனா நேர். காற்றுச் சல்லடை மூன்றிலும் பச்சை விளக்கு. பூமிக்குப் போகும் படம் தெளிவாக இருக்கிறது.

இந்தக் குறிப்பை யார் படிப்பார்கள் என்று தெரியாது. கம்பெனியில் யாரும் படிப்பதில்லை என்பது மட்டும் தெரியும். போன மாதம் "இன்று ஆன்டெனாவைக் கழற்றிப் பொரித்துத் தின்றேன்" என்று எழுதி அனுப்பினேன். "நன்றி" என்று பதில் வந்தது. ஆகவே, இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, உனக்காகவே எழுதுகிறேன்.

பெயர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்திரண்டு. ஊர் தென்காசி. இருபது வருஷம் சீரியலுக்கு வசனம் எழுதினேன். தமிழ்நாட்டு மாமியார்கள் பேசிய பாதி விஷம் என் பேனாவில் ஊறியது. வசனத்தை இயந்திரம் எழுத ஆரம்பித்ததும் பவளமல்லி டிவி என்னை வெளியே அனுப்பியது. ரொம்ப வெளியே. ஒளிபரப்பு நிலையத்தில் ஒரு மனிதப் பிறவி இருக்க வேண்டும் என்று சட்டமாம். டிவியின் எல்லா நிகழ்ச்சியும் இந்தத் தகர டப்பா வழியாகத்தான் வீடுகளுக்குப் போகிறது. நான் காவல்.

என் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் ஓடுகிற நிகழ்ச்சி மறையும். குட்டிக் கேமரா முன்னால் நிற்கிற "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை எல்லா வீட்டிலும் தெரியும். இந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட இழுத்ததில்லை.

ஜனவரி 5 அன்று ஊர்தி வருகிறது. வீட்டுக்குப் போகிறேன்.

டிசம்பர் 12 · 16:40

சல்லடை, ஆன்டெனா சரி.

"வரும் ஆண்டில் சின்னத்திரை" என்று புத்தாண்டுக்கு நான் ஆரூடம் சொல்ல வேண்டும். மேலேயிருந்து சொன்னால் பலிக்கும் என்று நிகழ்ச்சித் தலைவர் அருமைநாயகம் நம்புகிறான். என்னை அண்ணாச்சி என்பான். விடுப்புக் கேட்டால் மட்டும் சார் என்பான்.

எழுதியாயிற்று. செய்தி விவாதத்தில் ஒரே ஆள் நான்கு சன்னலில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொள்வார். பாட்டுப் போட்டியில் பாடுகிறவர் இருக்கமாட்டார், அழுகிற நடுவர்கள் மட்டும் இருப்பார்கள். ஆளுக்கொரு சீரியல் வரும். மருமகள் அறையில் ஓடுவதில் மாமியார் சாவாள், மாமியார் அறையில் ஓடுவதில் மருமகள். இரண்டு பேரும் நிம்மதியாகச் சேர்ந்து காப்பி குடிப்பார்கள்.

கடைசி ஆரூடம்தான் எனக்குப் பிடித்தது. நம் சீரியலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நடிகர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், மறுநாள் புது ஆள் மாடிப்படியில் இறங்கி வருவார். "இவருக்குப் பதில் இவர்" என்று கீழே ஒரு அட்டை போடுவார்கள். மனைவி, பிள்ளை, நாய் எல்லாரும் அரை நிமிஷத்தில் ஏற்றுக்கொள்வார்கள். வரும் ஆண்டில் அந்த அட்டை ஒழியும். போனவர் முகத்தையே மெல்லிய தோலாக அச்சடித்து ஒரு டூப்புக்கு மாட்டிவிடுவார்கள். ஆள் மாறியதே யாருக்கும் தெரியாது.

எழுதிவிட்டு நானே சிரித்தேன். இங்கே வேறு ஆள் இல்லாததால் என் நகைச்சுவைக்கு எப்போதும் ஏகோபித்த வரவேற்பு.

டிசம்பர் 15 · 11:05

தரையிலிருந்து அருமைநாயகம்: "அண்ணாச்சி, ஆரூடம் அள்ளுது. கையோட கொஞ்சம் ரியாக்ஷன் எடுத்து அனுப்பிருங்க. சிரிப்பு, அழுகை, கோவம். நடுநடுவுல சொருகத்தான். ஊர்ல வந்து இறங்குத மாதிரி ஒரு சந்தோஷமும் போட்டுருங்க."

எங்கள் தொழிலில் ரியாக்ஷன் இருப்பு வைப்பது, வீட்டில் அரிசி இருப்பு வைப்பது மாதிரி. கதாநாயகி தும்மினால்கூட எட்டுப் பேர் முகத்தை மும்மூன்று தடவை காட்டியாக வேண்டும். அடுத்தவர் முகத்துக்கே எழுதிக் கிழடானவனை, முதல்முறையாகச் சொந்த முகத்தைக் கேட்கிறார்கள். விடுவேனா? நாள் முழுக்கக் கேமரா முன்னால் சிரித்தேன், விம்மினேன், அதிர்ந்தேன். இடது பக்கம் எனக்குக் கொஞ்சம் லட்சணம், அதையே அதிகம் காட்டினேன். பெண்டாட்டியை "கோமு" என்று ஐந்து விதமாகக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். ஐந்தாவதை மட்டும் நடிக்கவில்லை.

டிசம்பர் 24 · 13:30

ஒரு சல்லடை சிவப்பு. மாற்றுச் சல்லடை ஊர்தியில்தான் வர வேண்டும். இரண்டு போதும், சமாளிக்கலாம்.

கோமதியின் குரல் வந்தது: "என்னங்க, சாப்ட்டியளா? வந்த அன்னைக்கே சொதி வச்சிருதேன். மாசம் தவறாம கேட்டுக்கிட்டே இருந்தியள்லா."

புண்ணியவானே, ஒரு ரகசியம். எனக்குச் சொதி ஆகாது. தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் சேர்ந்த வாசனைக்கே வயிறு புரளும். கல்யாணமான நாளாக அவள் ஊற்றுவாள், நான் ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவேன், "நடிக்காதீய" என்பாள். மேலே வந்த பிறகு, சொதி கேட்பதை எங்களுக்குள் ஒரு கேலியாக வைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்கும் கம்பெனிக்காரர்கள் நான் சொதிப் பைத்தியம் என்று நினைக்கட்டுமே.

ஒரு சட்டி நிறைய வை என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். "வீடு ரொம்பப் பெருசா இருக்குங்க" என்றாள்.

ஜனவரி 1 · 10:00

ஆரூடம் ஒளிபரப்பானது. அட்டை பற்றிய கடைசி ஆரூடத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். நேரம் பத்தவில்லையாம். அடுத்தாற்போல் முட்டைகோஸ் நறுக்கும் கருவிக்கு அரைமணி நேரம் விளம்பரம் ஓடியது.

ஜனவரி 5 · 12:15

ஊர்தி வரவில்லை.

அருமைநாயகம்: "சின்னத் தள்ளிவைப்பு சார். டிவி பாக்குற ஆளே கொறஞ்சிட்டு. ஊர்தி அனுப்ப இப்பம் வழியில்ல. பதறாதீங்க சார்."

சார்.

இரண்டாவது சல்லடையும் சிவப்பு. திரும்பக் கூப்பிட்டேன். குரல் இணைப்புச் செத்துவிட்டது. கீழிருந்து எழுத்துச் செய்தி மட்டும் வரும், இங்கிருந்து ஒளிபரப்பைத் தவிர எதுவும் போகாது. ஊர்தி வந்தால் பிழைப்பேன். வராவிட்டால் ஐந்தாறு நாள் தாங்கும்.

ஜனவரி 9 · 18:20

"விண்ணிலிருந்து வீட்டுக்கு", நேரலை. என் வழியாகத்தான் போகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரிலிருந்து நான் இறங்குகிறேன். டிசம்பர் 15 அன்று நான் தயாரித்துக் கொடுத்த அதே சந்தோஷம். இடது பக்கத்தைத்தான் கேமராவுக்குக் காட்டுகிறேன். என்னைவிடத் தொப்பை குறைவு. தெருவில் வெடி போடுகிறார்கள். வாசலில் கோமதி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். "கோமு" என்கிறேன், இரண்டாவது விதத்தில்.

வாழ்நாளில் முதல்முறையாக என் ஆரூடம் பலித்திருக்கிறது. அட்டைகூடப் போடவில்லை.

18:55

அட்டையை நானே போடுகிறேன். செத்த சல்லடையின் மூடியில் எழுதினேன்: "இவருக்குப் பதில் இவர். அசல் ஆள் இங்கே. காற்று தீர்கிறது. – ஆவுடை." குட்டிக் கேமரா முன் நிறுத்தியாயிற்று. அந்த டூப்பு சாப்பாட்டுக்கு உட்காரட்டும். அவள் வீட்டு டிவியும் இதே நிகழ்ச்சியில்தான் ஓடுகிறது. படிப்பாள்.

19:12

இழுத்தேன். ஒரு நிமிஷம் நிறுத்தினேன்.

எழுத்துச் செய்தி: "அண்ணாச்சி, அட்டை சூப்பர். ஊரே உங்க குசும்புன்னு சிரிக்குது. வாரம் ஒண்ணு போட முடியுமா? காத்து எம்புட்டு நாள் வரும்?"

ஊர் கிடக்கட்டும். எனக்கு ஒருத்தி போதும்.

19:20

கீழிருந்து வரும் படம் என் திரையில் நிற்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

கோமதி கையில் கரண்டியோடு நின்றபடி டிவியைப் படித்தாள். உதடு அசைந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் படிப்பாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு அவன் தட்டைப் பார்த்தாள். சொதியை வழித்துத் தின்றிருந்தான். ஓரத்தில் ஒரு பருக்கை இல்லை. தட்டை நீட்டி, "கோமு, இன்னும் கொஞ்சம்" என்றான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியாதா?

கரண்டியை வைத்துவிட்டுப் போய் டிவியை அணைத்தாள். திரும்பி வந்து அவன் தட்டு நிறைய ஊற்றினாள்.

"மெதுவா சாப்பிடுங்க. இனி எங்கயும் போவ வேண்டாம்லா."

ஜனவரி 10 · நேரம் பார்க்கவில்லை

மூன்றும் சிவப்பு. எழுத்து கோணுகிறது.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபத்தின் இருப்பையும் மொத்தமாக அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. பயல் நன்றாகத்தான் சாப்பிடுகிறான். நான் அவளுக்காக ஒருநாள்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை.

இன்றும் அந்த வீட்டைக் காட்டுகிறார்கள். நெம்புகோலை இழுக்கலாம். யார் பார்ப்பார்கள்? அவள் டிவியை அணைத்தே வைத்திருக்கிறாள்.

ஆன்டெனா நகர்ந்து, கோமு முகத்தில் கோடு விழுந்தது. தலை சுற்றியது. பிடித்துப் பிடித்துப் போய்த் திருப்பினேன்.

ஆன்டெனா நேர். படம் தெளிவாக இரு