மழை நாளில் ஏலக்காய் ஓட்டு

25 அக்டோபர் 1979, வியாழன்

காலை: மூட்டம். மாலை: தூறல். மேற்கே மலையே தெரியவில்லை.

ஏல விவசாயிகள் சங்கத் தலைவர் தேர்தல் ஞாயிறன்று. நடத்தும் பொறுப்பு என் தலையில். ரிட்டையரான வாத்தியார், சொந்தமாக ஒரு ஏலச்செடிகூடக் கிடையாது, அதனால் யார் பக்கமும் சாய மாட்டேனாம். இதுநாள்வரை கமிட்டிக்காரர்களே காபி குடித்துக்கொண்டு ஒருவரைத் தலைவராக்கிவிடுவார்கள். இந்த வருஷம்தான் முதல்முறையாக உறுப்பினர் எல்லோருக்கும் ஓட்டு. ஆளுக்கு ஒன்று. எத்தனையோ வருஷம் பரீட்சை நடத்தியிருக்கிறேன். இப்படிப் படபடத்ததில்லை.

நிற்பவர் இருவர். சுந்தரம்: போடியில் வீடு, மலையில் பெரிய தோட்டம், இதுவரை அவரே தலைவர். முத்தையா: போடிமெட்டுக்கு மேலே சின்னத் தோட்டம், குடியிருப்பும் அங்கேயே. மலைமேல் இருக்கும் சிறு விவசாயிகள் முத்தையா பக்கம் என்று பேச்சு.

சாயங்காலம் சுந்தரம் வந்தார். "வாத்தியாரய்யா, ஏக்கருக்கு ஒரு ஓட்டுன்னு வைங்க. அதுதான நியாயம்?"

"மழை என்ன ஏக்கர் பாத்தா பெய்யுது? எல்லாருக்கும் ஒண்ணாத்தான பெய்யுது?" என்றேன்.

"ஆமா. எனக்கு அறுபது ஏக்கர்லயும் பெய்யுது."

அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் நல்ல உதாரணம் தோன்றியது. பஸ்சில் பத்து மூட்டை ஏற்றியவனும் ஒரு பையோடு வந்தவனும் ஒரே டிரைவரை நம்பித்தான் உட்காருகிறார்கள். பஸ் கவிழ்ந்தால் பை வைத்திருப்பவன் தலையும்தானே உடையும்? டிரைவர் யார் என்பதில் அவனுக்கும் முழு ஓட்டு வேண்டும். ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். மழை.

27 அக்டோபர், சனி

விடாத மழை. துணி காயவில்லை.

நாளைக்கு வேண்டியது: பிஸ்கட் டின் இரண்டு, மறைப்புக்குப் போர்வை, சிவப்பு நூல், ஏலக்காய்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். சீட்டு நனைந்தால் கூழ். அதனால் ஆளுக்கு ஒரு காய்ந்த ஏலக்காய். கூடைப் படம் ஒட்டிய டின் முத்தையாவுக்கு, தராசுப் படம் சுந்தரத்துக்கு. போர்வைக்குப் பின்னால் போய் ஏதாவது ஒன்றில் போட வேண்டும்.

என் மனைவி பார்வதிதான் மடக்கினாள். "போடியில எவன் சட்டைப் பையிலதான் ஏலக்காய் இல்ல? ஒருத்தனே கைநிறைய அள்ளிப் போட்டா?"

அதற்குத்தான் சிவப்பு நூல். ஒவ்வொரு காயின் காம்பிலும் அவளே முடிச்சுப் போட்டாள். விரல் எல்லாம் ஏல வாசம்.

28 அக்டோபர், ஞாயிறு

பேய்மழை. மலையடிவாரத்தில் முந்தலுக்கு மேலே ரோட்டில் மண் சரிவு. ஜீப்பு ஒன்றும் இறங்கவில்லை.

சங்கக் கட்டடத்தில் மத்தியானத்துக்குள் போடிக்காரர்கள் எல்லோரும் போட்டாகிவிட்டது. முத்தையா முதல்நாளே இறங்கி வந்திருந்ததால் அவரும் போட்டுவிட்டார். அவருடைய ஆட்களைத்தான் காணோம். வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுந்தரம் வந்து, "டின்னைத் திறங்க சார். வர்றவங்க வந்தாச்சு. மழைக்கு யாரு என்ன செய்யிறது?" என்றார்.

"பொழுது சாயிற வரைக்கும்னு சொல்லியிருக்கேன். பரீட்சை மணி அடிக்கும் முன்னாலே பேப்பரைப் பிடுங்குவேனா?"

முறைத்தார். உட்கார்ந்தேன். ஒரு மழை தலைவரைத் தீர்மானிப்பதா? அப்புறம் ஓட்டு எதற்கு? வானத்தையே பார்த்துவிட்டுப் போகலாமே.

வெளிச்சம் மங்கும் நேரம். தெருவில் சத்தம். மலை ஆட்கள்! மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலெல்லாம் அட்டைக்கடி ரத்தம், பழைய கழுதைப் பாதை வழியாக நடந்தே இறங்கியிருக்கிறார்கள். முத்தையா ஓடிப்போய் முதல் ஆளைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கண்ணாடி பனித்துவிட்டது.

"வெரசா வாங்கப்பா, வெளிச்சம் போகுது!"

கடைசியாகப் பேச்சியம்மாள். புருஷன் இல்லை, அரை ஏக்கர், சங்க உறுப்பினர். காயைக் கையில் கொடுத்தேன். அந்தம்மா போர்வைப் பக்கம் நடந்துகொண்டே பழக்கத்தில் நகத்தால் காயைப் பிளந்து, விதை கருப்பா என்று பார்த்து, வாயில் போட்டு மென்றுவிட்டது!

"ஆத்தா! அது ஓட்டு!"

"ஐயோ சாரே... காயைக் கையில குடுத்தா பாக்க மாட்டமா? நல்ல காய்தான்."

கட்டடமே சிரித்தது. கையில் தோலும் சிவப்பு நூலும் மட்டும். அதையே போட்டுவிட்டு வந்தது.

சுந்தரம் சிரிக்கவில்லை. "பிளந்த காய் செல்லாது."

"எதுவானாலும் ரெண்டு டின்னுக்கும் ஒரே விதிதான்," என்றேன்.

"அப்படியே வைங்க."

பெட்ரோமாக்ஸ் ஏற்றி எல்லோர் முன்னாலும் கொட்டினேன். கூடை டின்: வெறும் தோல் ஒன்று. தராசு டின்: பிளந்தது மூன்று!

எல்லாரும் ஏலக்காய்க்காரர்கள்தானே. யார் நகம்தான் சும்மா இருக்கும்? சுந்தரம் மெதுவாகத் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். பச்சையாக ஒரு கோடு. நான் மட்டுமா பார்த்தேன்?

"அண்ணே, உங்க ஓட்டும் செல்லாதா?" என்றான் பின்னால் ஒருவன்.

அவரும் சிரித்துவிட்டார். "எழுதுங்க வாத்தியாரே. நூல் இருந்தா ஓட்டு."

நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். நூல் இருந்ததெல்லாம் எண்ணினேன். இரண்டு தரம். சந்தேகத்துக்கு மூன்றாம் தரமும்.

முத்தையா. ஒரே ஒரு ஓட்டில்.

பேச்சியம்மாளை ஆட்கள் தூக்காத குறை. "விடுங்கடா, காலு வலிக்கி!"

29 அக்டோபர், திங்கள்

பளீரென்று வெயில்! மலை முழுக்கத் தெரிகிறது. நேற்றே இப்படி இருந்திருக்கக் கூடாதா?

கடைத்தெருவில் சுந்தரம். கோபம் இல்லை. "அடுத்த தேர்தலைப் பங்குனியில வைங்க சார்."

"வெயில்ல வச்சா மலைக்காரங்க எல்லாருமே வந்துருவாங்களே."

"ஆமால்ல," என்றார். யோசித்துக்கொண்டே போனார். பஸ் உதாரணத்தை இந்தத் தடவையும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சிவப்பு நூல் காய் நாலைந்து மிச்சம். மலையிலிருந்து இறங்க முடியாதவர்களுடையது. தூக்கிப் போட மனசில்லை; மேசைமேல் வைத்திருந்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் பார்வதி நூலைப் பிரித்து டீயில் தட்டிப் போட்டிருக்கிறாள்.

கத்தப் போனேன். நல்ல மணம்.