மைனஸ் இரண்டு

மார்ச் 4
ஒன்றரை மாத லீவுக்குப் பின் முதல் வேலை, ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு. வெள்ளை ஃபிரிட்ஜ், வெள்ளைச் சுவர். எல்லாப் படமும் அழுக்குத் துணி நிறத்தில் வந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன். சாப்பிட்டேன். தூங்கினேன்.

மார்ச் 6
ஸ்டூடியோ முதலாளி கூப்பிட்டார். "என்னங்க, எல்லாம் இருட்டா இருக்கு? கேமரால கோளாறா?"

கேமராவில் ஒன்றுமில்லை. எக்ஸ்போஷர் சக்கரம் மைனஸ் இரண்டில் நிற்கிறது. கேமரா தானாகப் போடும் கணக்கைவிட வெளிச்சத்தைக் குறைக்கும் இடம் அது. கறுப்புத் துணிக்கு மைனஸ், வெள்ளைக்குப் பிளஸ் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

"பாக்குறேன் சார்" என்றேன். பார்க்கவில்லை.

மார்ச் 7
ஒன்றுமில்லை.

மார்ச் 9
எழுதிவிடுகிறேன். ஜனவரி பதினெட்டு. காலையில் கறுப்புத் துணியில் கைக்கடிகாரங்கள் எடுத்தேன், மைனஸ் இரண்டில். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். மறந்தேன். சாயங்காலம் என் மனைவி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். பின்னால் வெயில் வேறு. எடுத்த படத்தை மகளிடமும் காட்டிச் சிரித்தாள்.

"என்னங்க, கரிக்கட்டை ஆக்கிட்டீங்க! சரி, நாளைக்கு ஒழுங்கா எடுங்க."

மறுநாள் விடியும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டாள்.

அன்றும் அழவில்லை, இன்றுவரை இல்லை. மரம் மாதிரி இருக்கிறேன். சக்கரம் அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது. அதைத் திருப்பினால் — என்ன ஆயிடும்? தெரியல. கை போக மாட்டேங்குது.

மார்ச் 13
முதலாளி: "நாளைக்கும் இப்படியே வந்தா வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை.

மகள் அம்மாவின் படத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கப் பார்த்திருக்கிறாள். "முகமெல்லாம் புள்ளி புள்ளியா வருதுப்பா" என்றாள்.

மார்ச் 14
மத்தியானம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் ஜன்னலோரம் போய் நின்றாள். "என்னை ஒண்ணு எடுப்பா."

எடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "நானும் கரிக்கட்டையா?" சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "என்னையும் நாளைக்குன்னு தள்ளிப் போட்டுடாதப்பா."

சக்கரத்தைத் திருப்பினேன். பூஜ்யத்துக்கு ஆறு சொடுக்கு. பின்னால் வெயில் இருந்தால் முகம் கறுக்குமே, பிளஸ் பக்கம் இன்னும் மூன்று. கண்ணை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னப்பா, முகம் தெரியலையா?"

"தெரியுதும்மா. கொஞ்சம் அப்படியே நில்லு."

அரை மணி தாமதமாகப் போனேன். ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். வெள்ளையாக வந்தன.