துப்பாக்கிக்கு வைத்த குங்குமம்

டெக்சாஸ்,
ஆயுத பூஜைக்கு மறுநாள்

அப்பாவுக்குப் பேயாண்டியின் வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இந்தத் துப்பாக்கிக் கடையில் சட்டம்தான் என் உயிரை வாங்குகிறது. கைத்துப்பாக்கியில், ஆடாமல் சுட முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டை மாட்டியிருந்தால் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் குற்றம் என்று போன வருடம் சொன்னார்கள். விற்கக்கூடாததில் எல்லாம் சிவப்புப் பொட்டு ஒட்டினேன். இந்த வருடம் கோர்ட்டு அந்த விதியையே ரத்து செய்தது. உட்கார்ந்து உரித்தேன். நேற்று நம்மூர்ப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துவிட்டேன். “மறுபடியும் மாத்திட்டாய்ங்களா?” என்று முதலாளி அலறி, அம்புட்டையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

அம்மாவுக்கு இது இரும்புக்கடையாகவே இருக்கட்டும். அடுத்த பார்சலில் குங்குமம் வேண்டாம், பொரி அனுப்புங்கள். நேற்று பாப்கார்ன்தான் படைத்தேன். பங்கு கேட்க ஆளில்லை, நானே தின்றேன்.

கடை திறக்கணும்.

பேயாண்டி